கொண்டு வந்தவர் பெயர்

திங்கட்கிழமை காலை டெனிஸ் கூப்பிட்டனுப்பியபோது ஏதோ நல்ல செய்தி என்றுதான் தாமரைச்செல்வி நினைத்தாள். அமெரிக்க வரித்துறையின் அக்டோபர் பதினைந்து கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நீட்டிப்பு வாங்கியிருந்த வரிக்கணக்குகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் பார்ட்னர்கள் ஒன்பது பேரும் கூடி, அவளைப் பத்தாவது பார்ட்னராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்களிக்கப் போகிறார்கள். ஆறு வாக்கு விழுந்தால் போதும்.

டெனிஸ் அந்த ஒன்பது பேரில் ஒரே பெண். தாமரைக்காக அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசப்போவதும் அவர்தான். கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

உழைத்த மணிநேரம், தணிக்கைத் தரம், வாடிக்கையாளர் கருத்து என்று வரிசையாக எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு பூஜ்யம். ‘கொண்டு வந்த வாடிக்கையாளர்கள்.’

“இது கணினிக் கோளாறு என்று நினைத்து மூன்று முறை பார்த்தேன்” என்றார் டெனிஸ். “ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடைகளில் பாதி நம்மிடம்தான் வருகின்றன. அங்கே யாரும் என்னையோ கெவின் மாதிரி மற்ற பார்ட்னர்களையோ தேடி வரவில்லை. பிறகு எப்படி இது பூஜ்யம்?”

தாமரை அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். புது வாடிக்கையாளர் வந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘கொண்டு வந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் அவள் எழுதிவந்த பெயர், பார்ட்னர் பாலசுப்ரமணியன். அவளுக்கு அவர் பாலு சார்.

“அந்தக் கட்டத்தில் நான்தான் பாலு சார் பெயரை எழுதினேன்” என்றாள்.

“ஏன்?”

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கல்யாணப் பத்திரிகையில் வீட்டுப் பெரியவர் பெயரை மேலே போடுகிறோம். மண்டபத்துக்கு அலைந்தவன், சமையலுக்கு ஆள் பிடித்தவன் பெயரெல்லாம் கீழே, சின்ன எழுத்தில் வரும். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. இந்த விளக்கம் வாய்வரை வந்தது. டெனிஸின் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே நின்றுவிட்டது.

“கெவின் வியாழக்கிழமை என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும்” என்றார் டெனிஸ். “‘நன்றாக வேலை செய்வார், வேலையைக் கொண்டு வரமாட்டார்.’ அந்த ஒரு வரி போதும், நாலு வாக்கு போய்விடும். பழைய படிவத்தைத் திருத்தலாம். ஆனால் யார் பெயர் இருக்கிறதோ அவரே சிஸ்டத்தில் ஒப்புதல் தர வேண்டும். புதன்கிழமை ஐந்து மணிக்கு, வாக்கெடுப்புக்குப் போகும் கோப்பைச் சிஸ்டம் பூட்டிவிடும்.”

பாலு சார் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அவருக்குக் கிடைக்கும் ஓய்வுத்தொகை அவர் பெயரில் உள்ள வாடிக்கையாளர்களை வைத்துத்தான் கணக்கிடப்படும். இதை டெனிஸ் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தாமரைச்செல்வி ஈரோட்டில் பி.காம் படித்து, சி.ஏ. படிப்பைப் பாதியில் விட்டு, கல்யாணமாகி ஹூஸ்டனுக்கு வந்தபோது வயது இருபத்திநாலு. கணவர் ரஞ்சித்குமாரின் விசாவை ஒட்டி வந்தவள். வேலை செய்ய அனுமதி கிடையாது. ஏழு வருடம் கழித்து கிரீன் கார்டு வந்தது. மகளை டேகேரில் இறக்கிவிட்டு, பார்க்கிங்கிலேயே காருக்குள் உட்கார்ந்து அமெரிக்கக் கணக்காயர் தகுதியான சி.பி.ஏ. பரீட்சைக்குப் படித்தாள். நாலு தாளில் ஒன்று மூன்றாவது முயற்சியில்தான் தேறியது. அப்புறமும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஒன்பது வருட இடைவெளியைப் பார்த்துவிட்டு நாலு நிறுவனங்கள் பதிலே போடவில்லை.

ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டவர் பாலு சார். அதற்கு முன்பே குடும்பப் பழக்கம் உண்டு. தாமரைக்கு வளைகாப்பு நடந்ததே அவர்கள் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கிள், அவர் மனைவி ஷ்யாமளா ஆண்ட்டி. மற்ற ஆறு நாளும் சார்.

சேர்ந்த ஐந்தாம் மாதம் ஹில்கிராஃப்டில் நஜ்முதீன் பாயின் மளிகைக் கடையில் கறிவேப்பிலைக்கு வரிசையில் நின்றாள். கல்லாவில் இருந்த அவர் மனைவி ரசியா பேகம் விற்பனை வரி நோட்டீஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளுத்திருந்தார். தாமரை அதை வாங்கிப் படித்தாள். கடையில் ஒரே காலாண்டுக்கு இரண்டு முறை கட்டியிருக்கிறார்கள், வரித்துறையோ அதைக் கட்டாத கணக்கில் காட்டியிருக்கிறது. அங்கேயே நின்று ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தாள். அடுத்த வாரம் கடையின் மொத்தக் கணக்கும் அலுவலகத்துக்கு வந்தது.

அன்றுதான் முதல் படிவம். ‘கொண்டு வந்தவர்.’ நேற்று வந்தவள் தன் பெயரை எழுதிக்கொண்டால் சார் என்ன நினைப்பார் என்று தோன்றியது. அவர் பெயரை எழுதினாள். அவர் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டு, “குட்” என்றார். அந்தக் கட்டத்துக்கு என்ன மதிப்பு என்று ஐந்தாம் வருடம்தான் புரிந்தது. புரிந்த பிறகு போய்ச் சொன்னால் இத்தனை நாள் அவர் எடுத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டுவது போலாகிவிடும். அதற்குப் பயந்து அதன் பிறகு வந்தவற்றிலும் அவர் பெயரையே எழுதினாள். மொத்தம் இருபத்திமூன்று.

அன்று வீட்டில் ரஞ்சித் அரிசி பருப்பு சாதம் வைத்திருந்தான். கெடு மாதங்களில் அடுப்பு அவன் பொறுப்பு. ஆரம்பத்தில் சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு. இப்போது அவளைவிட அவன் பக்குவம் நன்றாக இருக்கிறது, அதை அவளிடம் அடிக்கடி சொல்லவும் செய்வான்.

விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தான். “அவர்கிட்ட போய் எப்படிக் கேப்ப? வளைகாப்பே அவங்க வீட்லதான நடந்துச்சு.”

“வளைகாப்புக்குப் பதினாறு வருஷமா நன்றி சொல்லிட்டுதாங்க இருக்கேன்.”

“ஒரு வருஷம் பொறுத்துக்கலாம் தாமரை. அவர் ரிட்டயர் ஆகிடுவார். அந்த கிளையன்ட்ஸ் எல்லாம் தானா உனக்குத்தான வரும்?”

“வராது. ரிட்டயர் ஆகிற பார்ட்னரோட கிளையன்ட்ஸ் இன்னொரு பார்ட்னருக்குத்தான் போகும். நான் பார்ட்னர் இல்லையே. கெவினுக்குப் போகும். நான் கெவினுக்கு உக்காந்து ரிட்டர்ன் போட்டுக்குடுப்பேன்.”

மகள் வான்மதி தட்டோடு வந்து நின்றாள். பதினாறு வயது. தமிழ் நன்றாகப் புரியும், வாயில் ஆங்கிலம்தான் வரும். “வெயிட். பதினோரு வருஷமா ஃபார்ம்ல தப்பான பேரை எழுதியிருக்கியா?” என்று அவள் பாஷையில் கேட்டாள். “மத்தவங்க அப்படி எழுதினா கண்டுபிடிக்கிறதுதானே உன் வேலை?”

“சாப்பிடு நீ” என்றான் ரஞ்சித்.

“நான் சாப்பிட்டுட்டுத்தான் கேக்கறேன்.”

தாமரை தன் தட்டை இழுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் கணினியைத் திறந்தாள். இருபத்திமூன்று பேரில் பத்தொன்பது பேர் முதன்முதலில் அவளுக்கு எழுதிய மின்னஞ்சல்கள் தேதியோடு கிடைத்தன. அவற்றை அச்செடுத்து ஒரு பட்டியலோடு இணைத்தாள். நாலு பேர் நேரில் வந்தவர்கள், எழுத்தில் எதுவும் இல்லை. அவர்களிடம் கைப்பட ஒரு வரி எழுதி வாங்கிவிடு என்று டெனிஸ் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஹில்கிராஃப்டுக்குப் போனாள். சாருக்கு முதலில் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவர் அன்று ஆஸ்டினில் ஒரு வாடிக்கையாளரிடம் இருந்தார். போனில் பேசுகிற விஷயமா இது என்று தள்ளிப்போட்டாள். உண்மையில் பயம்.

ரசியா பேகம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பாலு சார் கூட்டிட்டு வந்தாரா எங்கள? நான் அவரை ரெண்டே ரெண்டு தடவதான் பார்த்திருக்கேன். அதுல ஒரு தடவ அவர் முருங்கக்காய் வாங்க வந்தார்.”

“அதான் அக்கா, ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா…”

“ஒரு வரி என்ன, ஒரு பக்கம் எழுதறேன். ஆனா நீ படிச்ச பொண்ணு, ஏன் இப்படிப் பண்ணின? இவர்கூட கடை போர்டுல ‘நஜ்முதீன்’னு பெருசா போட்டுக்கிட்டார். போட்டுக்கட்டும்னு விட்டேன். லைசன்ஸ்ல என் பேரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் விட்டேன்.”

“உன் பேர்ல லைசன்ஸ் எடுத்தது அன்பு” என்றார் நஜ்முதீன், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து.

“அது அட்டர்னி சொன்னது” என்றார் ரசியா.

சொன்னபடி எழுதிக் கொடுத்தார். மற்ற மூன்று பேரிடமும் வாங்கிக்கொண்டு தாமரை ஃப்ரீவேயில் ஏறியபோது மணி நாலரை. சவுத்வெஸ்ட் ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. போன் அடித்தது. நஜ்முதீன் பாய்.

“தங்கச்சி, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டேன். பாலு சாருக்கு போன் போட்டு, நீ எழுதி வாங்கிட்டுப் போனதச் சொல்லி, உன்னப் பத்தி ரொம்பச் சொன்னேன். இப்படி ஒரு பொண்ணு கிடைக்காது, நீங்களே முன்ன நின்னு முடிச்சுக் குடுங்கன்னுட்டேன்.”

“பாய், அவர்கிட்ட நான் இன்னும் பேசவே இல்ல.”

அந்தப் பக்கம் ரசியாவின் குரல் தூரத்தில் கேட்டது: “உங்கள யாரு போன் பண்ணச் சொன்னா?”

சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி பாய் நல்ல மனதோடு செய்திருக்கிறார். அவரைக் கோபித்துப் பயனில்லை. உடனே சாருக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. ‘நாளை காலை உங்களைப் பார்க்க வேண்டும், நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்’ என்று செய்தி அனுப்பினாள். படித்துவிட்டார் என்ற அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

புதன்கிழமை அவர் எட்டரைக்கே வந்துவிட்டார். கதவு சாத்தியிருந்தது. ஒன்பதுக்குப் போனாள், போனில் இருந்தார். பதினொன்றுக்குப் போனாள், கையை உயர்த்தி ‘அப்புறம்’ என்றார். பன்னிரண்டரைக்கு அவர் மதிய உணவுக்குப் போனார். வழக்கமாக அவளையும் கூப்பிடுவார். அன்று அவள் மேஜையைத் தாண்டிப் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு ஷ்யாமளா ஆண்ட்டி அழைத்தார்.

“என்னம்மா நடக்குது அங்க? அங்கிள் ராத்திரி சரியாவே சாப்பிடல. கடைக்காரங்ககிட்ட எல்லாம் கையெழுத்து வாங்கிட்டுப் போனாளாமேன்னாரு. அவருக்கு எதிரா ஏதாச்சும் கம்ப்ளெயின்ட்டா?”

“கம்ப்ளெயின்ட் இல்ல ஆண்ட்டி. ஆபீஸ் விஷயம். நான் அவர்கிட்டயே பேசிடறேன்.”

“எங்களுக்கு நீ பொண்ணு மாதிரி, தாமரை. அதான் கேட்டேன்.”

“தெரியும் ஆண்ட்டி.”

பொண்ணு மாதிரி என்பதற்கு மேலே அந்தப் பேச்சில் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் அது அத்தனை கனமாக இருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். மூன்றரைக்கு, கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

பாலு சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அறுபத்தைந்து வயது. மேஜை எப்போதும்போலத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“மளிகைக் கடையில போய் எனக்கு எதிரா எழுதி வாங்குற அளவுக்கு வந்துட்ட.”

“உங்களுக்கு எதிரா இல்ல சார். உங்ககிட்ட முதல்ல வந்திருக்கணும். அது என் தப்பு. அதுக்கு சாரி.”

“மத்ததுக்கு?”

“மத்ததுக்கு சாரி இல்ல சார். அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்.”

பட்டியல் தாளை மேஜையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“என் பேரை எழுதுன்னு உன்கிட்ட என்னிக்காவது சொன்னேனா?”

“இல்ல சார். நானாதான் எழுதினேன்.”

“அப்புறம் என்ன?”

“நான் எழுதினேன். நீங்க படிச்சீங்க. இருபத்திமூணு தடவ படிச்சுட்டு கையெழுத்துப் போட்டீங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பின்வாங்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“உன்னை யாருமே எடுக்காதப்ப நான் எடுத்தேன்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“ஆமா சார். எங்க கேட்டாலும் சொல்வேன்.”

“டிசம்பர்ல நான் போறேன். என்ன வருதோ அதை வச்சுதான் எங்க மீதி காலம். தெரியும்ல உனக்கு?”

“தெரியும் சார். அதனாலதான் இத்தனை நாள் வாய திறக்கல. நாளைக்கு எனக்கு ஓட்டு விழலன்னா அடுத்த வருஷம் இந்த ஃபைல் எல்லாம் கெவின்கிட்ட இருக்கும். அப்புறம் எனக்கு எந்த வருஷமும் கிடையாது. நாப்பத்திநாலு வயசாச்சு சார்.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தாளைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். தணிக்கையில் முப்பத்தைந்து வருடம் பழகிய கை. ஒவ்வொரு வரியாக இறங்கினார். தேதியைப் பார்த்தார், இணைத்திருந்த மின்னஞ்சலைப் புரட்டினார், டிக் போட்டார். நாலு மணி ஆயிற்று. பதினோராவது வரியில் பேனா நின்றது.

“நெடுஞ்செழியன் டென்டல் கிளினிக். இவன் என் காலேஜ் ஜூனியர். என் வீட்டு கொலுவுலதான் உன்னைப் பார்த்தான்.”

தாமரை யோசித்தாள். மின்னஞ்சல் அவளுக்குத்தான் வந்திருந்தது. ஆனால் அதன் முதல் வரியே ‘பாலு அண்ணா சொன்னார்’ என்றிருந்தது. வேகத்தில் அதையும் சேர்த்துவிட்டிருந்தாள்.

“இது உங்களுது சார். நான் சேர்த்தது தப்பு.” அவளே தன் பேனாவால் அடித்தாள்.

அவர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இறங்கினார். பதினேழாவது வரியில், மூன்று மோட்டல் விடுதிகள் வைத்திருக்கும் குடும்பம். இருப்பதிலேயே பெரிய கணக்கு. “இது குடுக்க முடியாது” என்றார்.

“அவங்க பையனோட ஐ.ஆர்.எஸ். வரிப் பிரச்சினைய முடிச்சுக் குடுத்ததால வந்தாங்க சார். தேதி பாருங்க.”

“தேதி பார்த்தேன். குடுக்க முடியாது.”

மணி நாலு பதினெட்டு. அதற்காகச் சண்டை போட நேரமில்லை. விட்டுவிடுகிறேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. “சரி சார், இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு அப்புறம் இதைத் திரும்பக் கேப்பேன்” என்றாள்.

அவர் பேனாவை மூடினார். “இருபத்தொண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினியை உயிர்ப்பித்தார்.

கடவுச்சொல் காலாவதியாகியிருந்தது. புதிதாக ஒன்று போடச் சொன்னது. அவர் போட்டார், போதுமான அளவு கடினமாக இல்லை என்றது. மறுபடி போட்டார். நாலு முப்பத்தொன்று. தாமரை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து தன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். உதவட்டுமா என்று கேட்டால் ஒப்புதலை அவளே கொடுத்துக்கொண்டாள் என்ற பேச்சு நாளைக்கு வரும். உள்ளே போனபின் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பெயரை மாற்றி, காரணம் எழுதி, ஒப்புதல் தர வேண்டும். ‘காரணம்’ என்ற இடத்தில் அவர் விரல் தயங்கியது. பின்பு ‘தொடக்கத்தில் தவறாகப் பதியப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் அடித்தார். யார் தவறு என்று எழுதவில்லை. அதையே இருபது தடவை ஒட்டினார்.

நாலு ஐம்பத்தாறுக்கு இருபத்தொன்றாவது கோப்பு மூடியது.

“தேங்க்ஸ் சார்.”

“போ. டெனிஸ் பார்க்கணும்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்ட அறைக் கதவு மூடியது. தாமரை தன் இடத்தில் ஒரு தணிக்கை அறிக்கையைத் திறந்து வைத்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்கலாம், ஆனால் கேட்காது. கெவின் பேசினார். டெனிஸ் எழுந்து தாளைத் தூக்கிக் காட்டிப் பேசினார். பாலு சார் பேசவே இல்லை. பத்தே முக்காலுக்குச் சிறு தாள்கள் சுற்றி வந்தன. எல்லோரும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள், பள்ளிக்கூடத்தில் மாதிரி.

பதினொன்றுக்கு டெனிஸ் வெளியே வந்து அவள் மேஜைமீது இரண்டு கையையும் ஊன்றினார். “ஆறு” என்றார்.

ஆறு சரியாக. யாருடையவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாலு சாருடைய ஒன்றைப் பற்றித்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்க வழியில்லை.

வீட்டுக்குச் சொன்னாள். ரஞ்சித் போனிலேயே கத்தினான். வான்மதி பதினாறு எமோஜிப் பொம்மைகளை அனுப்பினாள். ரசியா பேகத்துக்குச் செய்தி அனுப்பியதும், பாய் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுப்பதாகவும், அதைத் தடுக்க முடியவில்லை என்றும் பதில் வந்தது.

மாலை ஆறு மணிக்கு ரஞ்சித் கேட்டான். “அங்கிள் வீட்டுக்குச் சொல்லலையா?”

அழைத்தாள். ஷ்யாமளா ஆண்ட்டி எடுத்தார். “கேள்விப்பட்டேன்மா, சந்தோஷம்” என்றார். வார்த்தை சரியாக இருந்தது, குரல்தான் தள்ளி நின்றது.

“அங்கிள்கிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா ஆண்ட்டி?”

“அவர் தூங்குறாரே.”

ஆண்ட்டிக்குப் பின்னால் “யாரு அது?” என்று பாலு சாரின் குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

“சரி ஆண்ட்டி. ஆபீஸ்ல பாத்துக்கறேன்.”

அந்த ஞாயிறு அங்கிள் வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் கூப்பிடவும் இல்லை. ரஞ்சித் ஒரு முறை ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று தேங்காய் துருவப் போய்விட்டான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பார்ட்னர்களின் வாராந்திரக் கூட்டம். தாமரைச்செல்வி ஐந்து நிமிடம் முன்னால் போனாள். நீள மேஜையைச் சுற்றி இடம் பிடித்துவிட்டார்கள். டெனிஸ் பக்கத்து நாற்காலியில் அவர் பை இருந்தது. கெவின் காபியோடு சாய்ந்திருந்தார். பாலு சாருக்கு நேர் எதிரில் ஒரு நாற்காலி காலி. சுவரோரமாகவும் ஒன்று இருந்தது. பதினோரு வருடமாகக் குறிப்பெடுக்க வரும்போதெல்லாம் அவள் உட்காரும் நாற்காலி அது.

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பாலு சார் தன் காகிதங்களைக் கொஞ்சம் நகர்த்தினார், அவளுடைய மடிக்கணினிக்கு இடம் விழுந்தது. “குட் மார்னிங்” என்றார், தமிழில் எதுவும் சேர்க்காமல்.

“குட் மார்னிங் சார்” என்றாள். அவரிடம் திரும்பக் கேட்க வேண்டிய மோட்டல் கோப்பு அவள் பையில் இருந்தது. கூட்டம் முடியட்டும் என்று அதை வெளியே எடுக்காமல் வைத்திருந்தாள்.